மானாப்புல்லுக்குக் கீழே ஒரு சாண் மண்

நுவரெலியாவிலிருந்து ஹக்கலையைத் தாண்டி ஊவாப் பக்கத்து வெலிமடைக்கு இறங்குகிற வீதியில் மலையின் முகம் சீக்கிரமே மாறிவிடும். மேலே பாசி படர்ந்த காடு, மூடுபனி. இறங்க இறங்கக் காற்று உலரும், மரங்கள் ஓடைப் பள்ளங்களுக்குள் ஒதுங்கும், குன்றுகளின் முதுகில் மானாப்புல் மட்டும் மிஞ்சும். ஆடி ஆவணியில் அந்தக் குன்றுகளுக்கு வைக்கோல் நிறம். புரட்டாசியில் பாதிக் குன்றுகள் எரிந்து கறுத்துக் கிடக்கும். ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் கண்ணைப் பறிக்கிற பச்சை. இதற்குத்தான் மலையகத்தில் பத்தனை என்று பெயர். "அது சும்மா பத்தனைதானே" என்று யாராவது சொன்னால், அந்த நிலம் ஒன்றுக்கும் ஆகாது என்று பொருள்.

இந்தத் தீர்ப்பு பழையது. 1830களிலும் 1840களிலும் கோப்பி வைக்க வந்த துரைமார் பெருங்காடுகளை ஆள் விட்டு வெட்டினார்கள், எரித்தார்கள், வேர் பிடுங்கினார்கள். பக்கத்திலேயே மரமே இல்லாமல், வெட்ட வேண்டிய வேலையே இல்லாமல் கிடந்த பத்தனையை அவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் சும்மா கிடைத்த வெட்டவெளியை ஒதுக்கிவிட்டுக் காட்டை வெட்டப் போனார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணம் மண்ணில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பயிரிடப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய சொத்தாக அனுமானித்தபோது, ஊவாக் கிராமத்தவர்கள் எருமையும் மாடும் மேய்த்துவந்த பத்தனைகளும் தரிசுக் கணக்கில் சேர்ந்துகொண்டன. மேய்ச்சல் நிலம் என்று ஒன்று உண்டு என்பது அந்தக் கணக்கில் எடுபடவில்லை.

பத்தனை மண்ணைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். வீதி அகலமாக்க மலையை வெட்டிய இடம் ஒன்று போதும். வெலிமடை, பொரலந்தை, ஊவா பரணகம பக்கங்களில் இப்படி வெட்டிய முகங்கள் ஏராளம். மேலே ஒரு விரற்கடை முதல் நான்கு விரற்கடை வரை கருமையான படை. அது முழுக்க வேர். கையால் இழுத்தால் பாய் போலக் கழன்று வரும். அதன் கீழே பழுப்பும் மஞ்சளும் கலந்த, கரகரப்பான மண் ஒரு சாண் அளவுக்கு. அதற்கும் கீழே, யாரோ வரிசையாக அடுக்கினமாதிரி, வெள்ளைக் கூழாங்கல் துண்டுகள் ஒரு கோடாக ஓடும். பிறகு பாறை, அல்லது அலவாங்கால் குத்தினால் உதிர்கிற அரைப்பாறை. நடுப்படை மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். உருண்டை பிடிக்கலாம். கயிறாகத் திரிக்கப் போனால் இரண்டு அங்குலத்தில் அறுந்துவிடும். களி குறைவு, மணல் அதிகம். விரலில் ஒட்டிக்கொண்டு மினுங்குகிற மணிகள் குவார்ட்சு.

அந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. மண்புழுவும் கறையானும் நுண்ணிய மண்ணை மட்டும் மேலே கொண்டுவரும். கல்லை அவற்றால் தூக்க முடியாது. காலங்காலமாக மேலிருந்து மண் அரித்துக் குறைய, தூக்க முடியாத கற்கள் ஒரு மட்டத்தில் வந்து சேர்ந்துவிடும். மேலிருந்து மண் போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கல்வரிசை ஒரு சாட்சி.

இனிப் பாறைக்கு வருவோம். இலங்கையில் உண்மையான மணற்கல் மிகக் குறைவு. புத்தளம் பக்கம் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் யுராசிக் காலத்து மணற்கல் சிறு அளவில் உண்டு. மலைநாட்டில் இருப்பது அதைவிட மிக மூத்த ஒன்று: கடலடியிலோ ஆற்றுமுகத்திலோ படிந்த மணல், பின்னர் மணற்கல்லாகி, பிறகு பூமிக்குள் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஆழத்துக்குப் புதைந்து, 800 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து, குவார்ட்சைட்டாக மாறிய பாறை. அந்த மணலோடு வந்து படிந்த சிர்க்கோன் மணிகளில் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. வெந்தது ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன். இலங்கையும் தமிழ்நாட்டின் தென்பாதியும் மடகாஸ்கரும் ஒரே கண்டத்தின் அடிவயிற்றில் ஒட்டிக்கிடந்த காலம் அது. அந்த வேகவைப்பில் மணிக்கு மணி இடையிலிருந்த இடைவெளி போய்விட்டது. மணிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே இறுக்கமான பாறையாகிவிட்டன. சுத்தியலால் அடித்தால் சாதாரண மணற்கல் மணியைச் சுற்றி உடையும். குவார்ட்சைட் மணியையே பிளந்துகொண்டு உடையும்.

ஆக, பத்தனை மண்ணுக்குத் தாய் பழைய மணற்கல்தான், ஆனால் வெந்த மணற்கல். இந்த வேறுபாடு சின்னதல்ல. தமிழ்நாட்டில் கடலூர், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் போனால் கடலூர் மணற்கல் என்று ஒன்று உண்டு. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் அந்தப் பாறையில்தான். அது இளையது, வேகாதது, மெத்தென்றது. மழை அதற்குள் இறங்கும், சிவந்து ஆழமாக உக்கும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அந்த ஆழத்தில் வேர் விட்டு நிற்கின்றன. இரண்டுக்கும் மூலப்பொருள் மணல். ஒன்று ஆள் உயரத்துக்கும் மேல் மண் கொடுத்தது, மற்றது ஒரு சாண் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

ஏன் நிறுத்திக்கொண்டது? மண் என்பது பாறை உக்கி உண்டாவது. உக்குவது என்றால் பாறையிலுள்ள கனிமங்கள் நீரோடும் அமிலத்தோடும் வினைபுரிந்து களியாகவும் கரைந்த உப்புகளாகவும் பிரிவது. பெல்ட்ஸ்பார் இருந்தால் பொட்டாசியமும் கல்சியமும் வரும். கறுப்பு மைக்கா இருந்தால் மக்னீசியமும் இரும்பும் வரும். குவார்ட்சு வெறும் சிலிக்கன் ஒட்சைட்டு. அது உக்குவதே மிக மெதுவாக. உக்கினாலும் பயிருக்குத் தருவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குவார்ட்சாக இருக்கிற பாறையிலிருந்து களியும் வராது, சத்தும் வராது. வருவது மணலும் கல்லும்தான். களி இல்லாத மண்ணுக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் பரப்பும் கிடையாது. உரம் போட்டாலும் அடுத்த பெருமழையோடு அது ஓடைக்குப் போய்விடும்.

ஊவாப் படுகை முழுவதும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். இந்த மலைகளில் பாறைகள் பட்டை பட்டையாக மாறி மாறி வருகின்றன. குவார்ட்சைட்டுக்கு அடுத்து கொண்டலைட், அடுத்து சார்னொக்கைட், இடையே சலவைக்கல். கொண்டலைட்டும் சார்னொக்கைட்டும் ஆழமாக உக்கிச் செம்மண் தரும். அதனால் ஒரே குன்றில், இந்தப் பக்கம் தேயிலை செழித்து நிற்க, ஐம்பது யார் தள்ளி மானாப்புல்லைத் தவிர எதுவும் ஏறாத முதுகு ஒன்று நீளும். கடினமான குவார்ட்சைட் உக்காமல் மேடாகவே மிஞ்ச, பக்கத்துப் பாறைகள் உக்கிப் பள்ளமாகின்றன. மேடுகளில் மண் மெலிந்தும் பள்ளங்களில் தடித்தும் கிடப்பதற்கு முதற்காரணம் இது.

மண் வரைபடம் இதைத் தன் பாஷையில் சொல்கிறது. மண்ணியலாளர்கள் மூர்மனும் பானபொக்கவும் 1961இல் இலங்கை மண்களை வகுத்தபிறகு வந்த வரைபடங்களில், வெலிமடைப் பகுதிக்குச் செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணும் மலை றெகோசோலும் கலந்த நிலம் என்று நிறம் தீட்டப்பட்டிருக்கிறது. றெகோசோல் என்றால் இன்னும் படைகள் பிரிந்து முதிராத இளமண். பாறை பல கோடி ஆண்டு பழையது, மண் மட்டும் இளையது. முதிர்வதற்குள் ஒவ்வொரு முறையும் வழித்துக்கொண்டு போய்விடுகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு வேகத்தில் வழித்துக்கொண்டு போகிறது? இதற்கு விடை சொன்னதும் குவார்ட்சுதான். வானவெளியிலிருந்து இடைவிடாமல் வந்து விழுகிற அண்டக் கதிர்கள் தரையின் மேற்பகுதியில் இருக்கிற குவார்ட்சு மணியிலுள்ள ஒட்சிசன் அணுவை உடைத்து பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்குகின்றன. ஒரு கிராம் குவார்ட்சில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்கள்தான். கதிர்கள் ஆழத்துக்குப் போக மாட்டா. ஒரு மீற்றருக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஆகவே ஒரு மணி எவ்வளவு காலம் தரைக்கு அருகே கிடந்ததோ அவ்வளவு பெரிலியம் அதில் சேர்ந்திருக்கும். மண் மெதுவாக அரியும் இடத்தில் அதிகம், வேகமாக அரியும் இடத்தில் குறைவு. ஓடை மணலை அள்ளி, அமிலத்தில் கழுவி, அந்த அணுக்களை எண்ணினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி அரிப்பு வேகம் கிடைத்துவிடும்.

மேல் மகாவலி வடிநிலத்தில் ஆய்வாளர் திலக் ஹேவாவசமும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படி எண்ணி 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனிதர் கைபடாத காலத்து இயற்கையான அரிப்பு, சதுர கிலோமீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 13 முதல் 30 தொன். பயிர்ச்செய்கை நிலங்களில் மண் அதைப்போல 20 முதல் 100 மடங்கு வேகத்தில் போகிறது. இந்த எண்களை ஒரு சாண் மண்ணின் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். 13 முதல் 30 தொன் என்பது ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2.3 செ.மீ. மண். இயற்கையில் அவ்வளவு அரிய, அவ்வளவு புதிதாகக் கீழே உண்டாகும். வரவும் செலவும் சரி. 30 செ.மீ. மண் சேர 13,000 முதல் 30,000 ஆண்டு வேண்டும். நூறு மடங்கு வேகத்தில் போனால் அது தீர 130 முதல் 300 ஆண்டு போதும். இது வடிநிலம் முழுமைக்குமான சராசரி. சாதாரணப் பாறையைவிட மெதுவாக உக்குகிற குவார்ட்சைட் முதுகில் வரவு இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

மெல்லிய மண்ணின் பெரிய குறை சத்து என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது. முதற்குறை தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. மண்ணில் நூற்றுக்கு 40 பங்கு கல் என்றால், உண்மையில் தண்ணீர் பிடிக்கிற மண் 18 செ.மீ. மணற்பாங்கான மண் 10 செ.மீற்றருக்கு ஏறத்தாழ 11 மி.மீ. தண்ணீரைப் பயிருக்காக வைத்திருக்கும். மொத்தம் 20 மி.மீ. சித்திரையிலோ ஐப்பசியிலோ ஒரு பின்னேர மழை கொட்டினால் அரை மணியில் இந்த 20 மி.மீ. நிரம்பிவிடும். மிச்சம் பாறை வெடிப்பிலும் ஓடையிலும் இறங்கும். ஆடி மாதக் காற்றில் செடி ஒரு நாளைக்கு 5 மி.மீ. உறிஞ்சினால் நாலே நாளில் கையிருப்பு தீரும். ஒன்றரை மீற்றர் ஆழமான செம்மண்ணில் அதே கணக்கு 200 மி.மீ., நாற்பது நாள். அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிற வீட்டுக்கும் மாதச் சம்பள வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ஒரு கிழமை வேலை இல்லாமல் போனால்தான் அது தெரியும்.

ஊவாவில் அந்த ஒரு கிழமை மாதக்கணக்கில் நீளும். தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைச்சரிவுகளில் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டுக் கிழக்கே வெலிமடைக்கும் பதுளைக்கும் இறங்கும்போது வெப்பமும் வறட்சியுமாக வருகிறது. கச்சான் என்று சொல்லுவது இந்தக் காற்றைத்தான். இதே காற்றால்தான் யூலை முதல் செப்டெம்பர் வரையில் கொழுந்து மெதுவாக வளர்ந்து ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனை ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை கூட்டுகிற காற்று, குன்றின் முதுகில் புல்லைக் கருக்குகிற காற்று இரண்டும் ஒன்றே.

மூன்றாவது குறை புளிப்பு. மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போக, எஞ்சிய மண்ணில் அமிலத்தன்மை ஏறும். பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போது களியிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சுட்டுவிடும். பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகும். தேயிலை அலுமினியத்தைத் தாங்குகிற அபூர்வச் செடி, அதனால் அதற்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரை பிடித்தமானது. அதைவிடக் கீழே போனால் அதற்கும் ஆகாது. கவாத்து வெட்டுகிற காலத்தில் தோட்டங்களில் டொலமைட் போடுவது இதற்காகத்தான். புளித்த நிலத்துக்கு மருந்து அதே மலைத்தொகுதியின் சலவைக்கல் பட்டைகளிலிருந்து தோண்டிவரும் கல்தூள் என்பது ஒரு வேடிக்கை.

இத்தனை குறைகளுக்கும் ஈடுகொடுத்து நிற்பது மானாப்புல். சிம்போபோகன் இனம், சித்திரநெல்லா எண்ணெய் எடுக்கிற புல்லின் நெருங்கிய சொந்தம். கசக்கினால் எலுமிச்சை மணக்கும். அந்த எண்ணெய்க்காகவே முற்றிய இலையை மாடு தொடாது. அதன் அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தால் பத்தனையின் மொத்த நடப்பும் விளங்கும். ஒவ்வொரு தூரும் ஒரு சின்னப் பீடத்தின்மேல் நிற்கும். சுற்றியுள்ள தரை இரண்டு மூன்று விரற்கடை இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தில் நுண்மண் போய் வெறும் சரளை மிஞ்சியிருக்கும். தூருக்குள் இருக்கிற மண் மட்டும் வேர்ப்பிடியில் தங்கியிருக்கிறது. பீடத்தின் உயரம்தான் அந்தப் புல் முளைத்தபிறகு போன மண்ணின் அளவு. தூர்கள் நெருங்கி இலைகள் ஒன்றோடொன்று மூடினால் பள்ளம் ஆழமாகாது. தூர்களுக்கிடையே கால் வைக்க இடம் தெரிகிற குன்றில் மண் போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே புல் இருப்பதற்குக் காரணம் மண்ணா, தீயா என்று தாவரவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டிருக்கிறார்கள். பின்னாளில் தென்னாபிரிக்காவின் கிர்ஸ்ட்டன்பொஷ் பூங்காவை நிறுவிய ஹரல்ட் பியர்சன் 1899இல் பத்தனைகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1940களில் டி ரொசைரோவும், 1951இல் வன அதிகாரியான ஹோம்ஸும் இதே கேள்வியைத் தொட்டார்கள். காட்டுக்கும் புல்லுக்கும் இடையேயான எல்லை பல இடங்களில் வேலி போட்டதுபோல நேர்கோடாக இருப்பது எல்லோரையும் குழப்பியது. காட்டுத்தீ வந்து நிற்கிற இடம் எல்லையாகிவிட்டது என்று ஒரு சாரார், மண் மாறுகிற இடம் என்று இன்னொரு சாரார்.

இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம். பள்ளத்தில் மண் ஆழம், ஈரம் நிற்கும், தீ உள்ளே போகாது, மரம் பிழைக்கும். மரம் பிழைத்தால் சருகு விழும், மண் இன்னும் தடிக்கும். முதுகில் மண் மெல்லிசு, நாலு நாளில் காயும், புல் எரியும், கன்று சாகும். கன்று செத்தால் மறுபடி புல்தான், மறுபடி தீதான். மெல்லிய மண் தீயை வரவழைக்கிறது, தீ மண்ணை இன்னும் மெல்லிசாக்குகிறது. பிபிலைப் பக்கம் இறங்கினால் புல்லுக்கிடையே நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை நிற்பதைக் காணலாம். தடித்த பட்டையோடு தீயைத் தாங்கவும், கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கவும் தெரிந்த மரங்கள். வெலிமடைக் குன்றுகளிலும் ஒன்றிரண்டு நெல்லி தப்பி நிற்கும்.

தீ வைப்பது யார்? மின்னலுக்கு இதில் பங்கு மிகக் குறைவு. முற்றிய மானாவை மாடு தின்னாது, எரித்தால் பத்து நாளில் வருகிற இளந்தளிரைத் தின்னும். அதனால் மேய்ச்சல்காரர்கள் எரித்தார்கள், எரிக்கிறார்கள். வேட்டைக்காக, வேடிக்கைக்காக எரிப்பவர்களும் உண்டு. புல்லுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தீ சில நிமிடத்தில் கடந்துவிடும். இரண்டு விரற்கடை ஆழத்தில் இருக்கிற குருத்துக்குச் சூடு எட்டாது. நட்டம் மண்ணுக்கு. புல்லில் சேர்ந்திருந்த நைதரசனும் கந்தகமும் புகையாகப் போகின்றன. பொட்டாசியமும் கல்சியமும் சாம்பலாக மேலே கிடக்கின்றன. எரிந்து ஓரிரு மாதத்துக்குள், புல் மறுபடி மூடுவதற்கு முன், ஒக்டோபரில் இடைப்பருவ இடிமழை வந்துவிடுகிறது. ஆண்டின் மிகக் கனமான மழைத்துளிகள் ஆண்டின் மிக வெறுமையான தரையில் விழுகின்றன. சாம்பல் முதலில் போகும், பின்னால் மண். தீயைவிட தீயின் நாட்காட்டிதான் கெடுதல் செய்கிறது.

போகிற மண் எங்கே போகிறது? ஒரு பகுதி அடுத்த பள்ளத்து வயலுக்கு. வெலிமடைப் படிவயல்களில் மகாபோகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் எடுக்கிறார்கள். அந்த ஆழமான, கறுத்த, கிழங்கு பருக்கிற மண்ணில் ஒரு பங்கு மேலேயிருக்கிற முதுகுகளிலிருந்து இறங்கி வந்தது. இன்னொரு பகுதி உமா ஓயாவோடு மகாவலிக்கு. வயலில் தங்கிய மண்ணை வரவாக எடுத்துக்கொண்ட விவசாயி, இடம் போதாமல் மேலே ஏறிச் சரிவிலும் கிழங்கும் கரட்டும் லீக்ஸும் வைக்கத் தொடங்கியபோது கணக்கு மாறிவிட்டது. கிழங்குக்கு மண்ணைக் கொத்திப் பொடியாக்க வேண்டும், அணைக்க வேண்டும், பிறகு கிண்டி எடுக்க வேண்டும். பொடியாக்கிய மெல்லிய மண், சரிவு, இடிமழை மூன்றும் சேர்ந்தால் மண்காப்புச் சட்டம் எதுவும் தடுக்காது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண்காப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சரிவோட்டத்துக்கு நேராகப் பாத்தி போட்ட தோட்டங்களும் இருக்கின்றன.

இறங்கிய மண்ணில் இன்னொரு பகுதி மலையடிவாரங்களில் தடித்த குவியலாகத் தங்குகிறது. இதை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதுகிலிருக்கிற ஒரு சாண் மண் சரிந்தாலும் பெரிய ஆபத்தில்லை, சரிய அங்கே மண்ணே இல்லை. ஆபத்து, மேலிருந்து வந்த கல்லும் மண்ணும் பல மீற்றர் தடிப்பில் சேர்ந்து, அடியில் பாறை வழுக்குமுகமாக இருக்கிற அடிவாரத்தில். தண்ணீர் அதற்குள் இறங்கி நிரம்பினால் முழுக் குவியலும் நகரும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது அப்படிப்பட்ட மண்தான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டு முன்பே சொல்லியிருந்தது. லயங்கள் கட்டிய காலத்தில் தட்டையாகவும் தண்ணீர் வசதியாகவும் தெரிந்த இடங்களில் கட்டினார்கள். அப்படித் தெரிகிற இடங்களில் பல, மலை கொட்டிவைத்த மண்.

பத்தனையில் மரம் வைக்கிற யோசனை 1970களிலும் 80களிலும் பைனஸாக வந்தது. கரிபியன் பைனஸ் மெலிந்த, புளித்த மண்ணில் பிழைக்கும், பிழைத்தது. அடியில் ஊசிச்சருகு தடித்துக் கிடந்து, காய்ந்து, புல்லைவிட நீண்ட நேரம் எரிந்தது. பதுளை மாவட்டத்தில் ஆண்டுதோறும் பற்றுகிற காட்டுத்தீயில் பைனஸ் தோப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பைனஸால் கிணறு வற்றியது என்று ஊரார் சொல்வதில் நியாயம் இருக்கிறது: வருடம் முழுவதும் பச்சையாக நிற்கிற மரம் பாறை வெடிப்பு வரை வேர்விட்டு, புல் உறங்குகிற மாதங்களிலும் உறிஞ்சும். 20 மி.மீ. கையிருப்பு உள்ள மண்ணில் ஊற்றுக்கு இறங்குவது அந்த மண்ணைக் கடந்து வெடிப்புக்குள் போகிற தண்ணீர்தான்.

தேயிலைக்காரர்கள் மானாவிடம் திரும்பி வந்த கதையும் உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கிறபோது, களைத்துப்போன மண்ணில் உடனே நடக்கூடாது என்பது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. நடுவில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு புல் வளர்க்க வேண்டும். சிபாரிசு செய்கிற புற்கள் இரண்டு: ஒன்று குவாத்தமாலாப் புல், மற்றது மானா. புல்லின் நார்வேர்கள் மண்ணைத் துளைத்துப் பிணைக்கும், வெட்டிப் பரப்பிய இலை மக்கிக் கருமை ஏற்றும். கோப்பிக் காலத்தில் இந்தப் புல் நிற்பதைப் பார்த்தே நிலத்தை ஒதுக்கினார்கள். இன்று அதே புல்லைக் காசு கொடுத்து நடுகிறார்கள்.

ஆனால் வளர்க்கப் பொறுமையில்லாதவர்கள் குறுக்குவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பத்தனையில் மானாவை வெட்டி, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, இளந்தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் மூடாக்குப் போடுகிறார்கள். பாத்திக்கு நல்லதுதான். வெட்டிய குன்றிலோ, பாறையிலிருந்து வருகிற கொஞ்சநஞ்சப் பொட்டாசியமும் கல்சியமும் அந்தக் கட்டுகளில் ஏறிப் போய்விடுகின்றன. எரித்திருந்தால் சாம்பலாகவாவது கொஞ்சம் தங்கியிருக்கும். வெட்டுவதானால் மழையில் புல் தழைத்த மார்கழி, தையில், ஒரு சாண் உயரத் தூர் விட்டு, ஒரு பட்டை வெட்டி ஒரு பட்டை விட்டு வெட்டலாம். புரட்டாசியில் மொட்டையாக அறுத்த குன்று, எரித்த குன்றைப் போலவே ஐப்பசி மழைக்கு முதுகைக் காட்டி நிற்கும்.